அங்கிக்கு அடியில் இரு குழந்தைகள்: கிறிஸ்துமஸ் கார்ட்டூன்களும் ஒரு பட்டு ஊரும்

அமெரிக்கத் தொலைக்காட்சி உருவாக்கிய வகைமைகளுள் 'கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சி' என்பது விசித்திரமான ஒன்று. ஆண்டு முழுவதும் தத்தம் போக்கில் திரியும் கார்ட்டூன் பாத்திரங்கள் டிசம்பரில் ஒரு நாள் மட்டும் பண்டிகைக் கோலம் பூண்டு வருகின்றன. கிட்டப்பார்வைக் கிழவர் மகூ, கற்காலத்து ஃப்ளின்ட்ஸ்டோன், விண்வெளிக் காலத்து ஜெட்சன், பக்ஸ் பன்னி என்னும் முயல், மிக்கி என்னும் எலி ஆகிய எல்லோரும் இவ்வாறு வந்து போனவர்கள்தாம். இவை குழந்தைகளின் பொழுதுபோக்கு. இலக்கியம் படிப்பவர்கள் இவற்றில் பொருட்படுத்த என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயமே.

இருக்கிறது என்றே தோன்றுகிறது. இச்சிறப்பு நிகழ்ச்சிகளில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்ட கதை ஒன்றே ஒன்று. அது சார்லஸ் டிக்கன்ஸ் 1843-ல் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்'. அந்தக் கதையோ, குழந்தை உழைப்பைப் பற்றிய ஓர் அரசாங்க அறிக்கையைப் படித்த கோபத்தில் பிறந்தது. அந்தக் கோபம் கார்ட்டூன்களுக்குள் எவ்வளவு தூரம் பயணம் செய்தது, எங்கே கீழே விழுந்தது என்று தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தேடும்போது ஓர் ஊரைக் கண்முன் வைத்துக்கொள்வது உதவும். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணி அந்த ஊர். பட்டுத்தறிகளின் ஊர். பிறருடைய பண்டிகைகளுக்கும் திருமணங்களுக்கும் ஆண்டு முழுவதும் நெய்துகொடுக்கும் ஊர்.

*

முதலில் மூலக் கதை. டிக்கன்ஸுக்குப் பன்னிரண்டு வயதானபோது, 1824-ல், அவருடைய தந்தை கடனுக்காக லண்டன் மார்ஷல்சி சிறையில் அடைக்கப்பட்டார். சிறுவன் டிக்கன்ஸ், காலணி மை தயாரிக்கும் கிடங்கு ஒன்றில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டான். தகப்பனின் கடனைப் பிள்ளையின் கை சுமக்கும் இந்த அனுபவம் அவருடைய எழுத்தை வாழ்நாள் முழுவதும் விட்டு அகலவில்லை.

1843-ன் தொடக்கத்தில், தொழிற்கூடங்களில் குழந்தைகள் வேலை செய்யும் நிலை குறித்த விசாரணைக் குழுவின் இரண்டாவது அறிக்கை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. குழுவில் இருந்த மருத்துவர் சவுத்வுட் ஸ்மித், அதன் பிரதி ஒன்றை டிக்கன்ஸுக்கு அனுப்பினார். படித்த டிக்கன்ஸ், ஏழைக் குழந்தைகளின் சார்பில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதத் தீர்மானித்தார். சில நாட்களில் மனத்தை மாற்றிக்கொண்டார். பிரசுரத்தைவிடப் பன்மடங்கு வலிமையான அடி ஒன்றை ஆண்டின் இறுதியில் கொடுக்கப்போவதாக ஸ்மித்துக்கு எழுதினார். அந்த அடிதான் 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்த இச்சிறு நூல். முதற்பதிப்பின் 6,000 படிகளும் கிறிஸ்துமஸுக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன.

கதையை வாசகர்கள் அறிந்திருப்பர். கருமி எபனேசர் ஸ்குரூஜ், அவரிடம் வேலை பார்க்கும் எழுத்தர் பாப் கிராட்சிட், கிராட்சிட்டின் நோயுற்ற மகன் டைனி டிம், இரவில் வரும் ஆவிகள், காலையில் மனம் மாறிய கருமி. நம் நினைவில் தங்குவது இவ்வளவுதான். ஆனால் நூலில் கூலிக் கணக்கு மிகத் துல்லியமாக இருக்கிறது. கிராட்சிட்டின் சம்பளம் வாரத்துக்குப் பதினைந்து ஷில்லிங். நூலின் விலையோ ஐந்து ஷில்லிங். அதாவது அந்த எழுத்தர் தன் கதையைத் தானே வாங்கிப் படிக்க வாரக் கூலியில் மூன்றிலொரு பங்கைத் தரவேண்டும். அவருடைய மூத்த மகள் மார்த்தா, பெண்களுக்கான தொப்பி தைக்கும் கடையில் வேலை பழகுபவள். பண்டிகைக்கு முந்தைய இரவு வரை வேலை முடியாமல், பண்டிகை அன்று தாமதமாகத்தான் வீட்டுக்கு வருகிறாள். மூத்த மகன் பீட்டரும் வேலைக்குப் போகவிருக்கிறான். அவனுக்குக் கிடைக்கப்போகும் வாரக் கூலியை வைத்துக் குடும்பம் கனவு காண்கிறது. பிறருடைய பண்டிகைக்கு உடை தைத்துத் தன் பண்டிகைக்குத் தாமதமாக வந்து சேரும் அந்தப் பெண்ணை ஆரணியில் இருப்பவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

நூலின் நடுவில் ஒரு காட்சி வருகிறது. நிகழ்காலக் கிறிஸ்துமஸின் ஆவி, பச்சை அங்கி அணிந்த உற்சாகமான ராட்சதன், விடைபெறும் நேரத்தில் தன் அங்கியை விலக்கிக் காட்டுகிறது. அதற்கு அடியில், அதன் கால்களைக் கட்டிக்கொண்டு, எலும்பும் தோலுமாய் இரண்டு குழந்தைகள். பையனின் பெயர் அறியாமை. பெண்ணின் பெயர் இல்லாமை. இவர்கள் மனிதர்களின் பிள்ளைகள் என்கிறது ஆவி. இருவரிலும் பையனிடமே அதிகம் எச்சரிக்கையாய் இரு என்கிறது. இவர்களுக்குப் புகலிடம் இல்லையா என்று கேட்கும் ஸ்குரூஜுக்கு, தொடக்கத்தில் அவர் சொன்ன சொற்களே பதிலாகத் திருப்பித் தரப்படுகின்றன. நாடாளுமன்ற அறிக்கையின் குழந்தைகள் கதைக்குள் நேராக நுழையும் இடம் இது. எழுதப்படாத துண்டுப் பிரசுரம் முழுவதும் இந்த ஒரு பக்கத்தில் அடங்கியிருக்கிறது எனலாம்.

*

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். 1962 டிசம்பர் 18 அன்று என்பிசி நிறுவனம் 'மிஸ்டர் மகூஸ் கிறிஸ்துமஸ் கேரல்' என்ற ஒரு மணி நேர நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. தொலைக்காட்சிக்கென்றே தயாரிக்கப்பட்ட முதல் அசைவூட்டக் கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சி இதுவே. மகூ 1949-ல் யூபிஏ ஸ்டுடியோவின் திரையரங்கக் குறும்படங்களில் பிறந்த பாத்திரம். கண் சரியாகத் தெரியாது. தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவும் மாட்டார். நிகழ்ச்சியில் அவர் பிராட்வே நாடக மேடையில் ஸ்குரூஜ் வேடம் ஏற்கும் நடிகராக வருகிறார். ஜூல் ஸ்டைனும் பாப் மெரிலும் பாடல்கள் அமைத்திருந்தனர். கேலிச்சித்திரத் தொடர் ஒன்று பேரிலக்கியம் ஒன்றைச் சுமக்க முடியும் என்பதை இது காட்டியது. பின்னர் வந்தவர்கள் அனைவரும் இந்தப் பாதையில் நடந்தவர்களே.

ஆனால் ஒரு மணி நேரத்தில் விளம்பரங்களுக்கும் பாடல்களுக்கும் போக மீதியில் கதை சொல்லவேண்டும். சில பகுதிகள் வெட்டப்பட்டன. ஸ்குரூஜின் மருமகன் போனான்; ஆவிகள் வரும் வரிசை மாறியது. அங்கிக்கு அடியில் இருந்த இரு குழந்தைகளும் போனார்கள். டைனி டிம் மட்டும் தங்கினான். இது தற்செயல் அன்று. டைனி டிம் அன்புக்குரியவன், நன்றி உடையவன்; ஒரு வான்கோழியால் அவன் குடும்பத்தை மகிழ்விக்க இயலும். அறியாமையும் இல்லாமையும் அப்படிப்பட்ட குழந்தைகள் அல்லர். அவர்கள் பார்ப்பவரை அச்சுறுத்துகிறார்கள்; ஒரு விருந்தால் தீர்ந்துபோகாத கணக்கு அவர்களுடையது.

இதே காலத்தில் டிக்கன்ஸைத் தொடாத வேறு இரு சாதனைகளும் நிகழ்ந்தன. 1965 டிசம்பர் 9 அன்று சிபிஎஸ் ஒளிபரப்பிய 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்', சார்லஸ் ஷுல்ட்ஸின் 'பீநட்ஸ்' செய்தித்தாள் தொடரிலிருந்து எழுந்தது. லீ மெண்டல்சன் தயாரிப்பு, பில் மெலண்டெஸ் இயக்கம், வின்ஸ் குவரால்டியின் ஜாஸ் இசை. குழந்தைப் பாத்திரங்களுக்குக் குழந்தைகளே குரல் கொடுத்தனர். பதிவுசெய்த சிரிப்பொலி இல்லை. லினஸ் என்னும் சிறுவன் லூக்கா நற்செய்தியின் பகுதியை மேடையில் நின்று அமைதியாகச் சொல்கிறான். தொலைக்காட்சி நிறுவன அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. பார்வையாளர்களுக்குப் பிடித்தது, எம்மி, பீபாடி விருதுகளும் கிடைத்தன. கிறிஸ்துமஸ் வியாபாரமாகிவிட்டதே என்று வருந்தும் இந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது கோகோ கோலா நிறுவனம் என்பதையும் மறக்கலாகாது. அடுத்த ஆண்டு, 1966 டிசம்பர் 18 அன்று, டாக்டர் சூஸின் 1957-ஆம் ஆண்டு நூலை வைத்து சக் ஜோன்ஸ் இயக்கிய 'க்ரிஞ்ச்' வந்தது. பரிசுகளையும் விருந்தையும் திருடிவிட்டால் பண்டிகை நின்றுவிடும் என்று எண்ணிய பச்சை நிறப் பிராணி, அது நிற்காததைக் கண்டு மலைக்கும் கதை அது.

இரண்டும் நல்ல படைப்புகள். இரண்டும் பண்டிகையில் பொருள் நுகர்வைக் கேள்வி கேட்கின்றன. ஆனால் நுகரப்படும் பொருளைச் செய்தவர் யார் என்ற கேள்வி அவற்றில் எழவில்லை. அந்தக் கேள்வி டிக்கன்ஸிடம்தான் இருந்தது.

அந்த இரு குழந்தைகளையும் விடாமல் வைத்துக்கொண்ட ஓர் அசைவூட்டப் படமும் உண்டு. ரிச்சர்ட் வில்லியம்ஸ் இயக்கி, 1971 டிசம்பரில் ஏபிசி ஒளிபரப்பிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்'. அது எந்தக் கேலிச்சித்திரத் தொடரையும் சார்ந்ததன்று. மூல நூலுக்கு ஜான் லீச் வரைந்த படங்களின் சாயலில் இருண்ட கோடுகளால் வரையப்பட்டது. அதில் ஆவி அங்கியை விலக்குகிறது, குழந்தைகள் தெரிகிறார்கள். அப்படம் பின்னர் திரையரங்கிலும் காட்டப்பட்டு ஆஸ்கர் விருது பெற்றது. எனவே இக்காட்சியை வரைய முடியாமல் போனதற்கு ஊடகத்தின் எல்லை காரணமன்று. புகழ்பெற்ற பாத்திரங்களின் பண்டிகைக் கொண்டாட்டத்தில் அந்தக் குழந்தைகளுக்கு இடமில்லாமல் போனதே காரணம்.

*

எழுபதுகளின் இறுதியிலிருந்து இவ்வகைமை பெருகியது. 1979-ல் பக்ஸ் பன்னி நிகழ்ச்சியில் யோசெமிட்டி சாம் ஸ்குரூஜாகவும் போர்க்கி பன்றி கிராட்சிட்டாகவும் வந்தனர். 1983-ல் டிஸ்னியின் 'மிக்கீஸ் கிறிஸ்துமஸ் கேரல்' திரையரங்குகளில் வெளியாகி, மறு ஆண்டு தொலைக்காட்சிக்கு வந்தது. இதில் கூலிக் கணக்கு ஓரளவு மிஞ்சியிருக்கிறது: அரைநாள் விடுப்புக் கேட்கும் மிக்கிக்கு விடுப்பு கிடைக்கிறது, அரைநாள் சம்பளம் பிடிக்கப்படுகிறது. முடிவில் முதலாளி மனம் மாறி ஊழியரைப் பங்குதாரராகவே ஆக்கிக்கொள்கிறார். டிக்கன்ஸ் ஊதிய உயர்வோடு நிறுத்திக்கொண்டார். டிஸ்னி ஊழியர் என்ற நிலையையே கலைத்து மகிழ்விக்கிறது.

1985-ல் வந்த 'எ ஜெட்சன் கிறிஸ்துமஸ் கேரல்' இன்னும் சுவையானது. முதலாளி ஸ்பேஸ்லி, ஜார்ஜ் ஜெட்சனைப் பண்டிகைக்கு முந்தைய மாலையில் கூடுதல் நேர வேலைக்கு நிறுத்திவைக்கிறார். டைனி டிம்முக்குப் பதில் இங்கே நோயுறுவது வீட்டு நாய் ஆஸ்ட்ரோ. ஸ்பேஸ்லியின் ஆலைப் பற்சக்கரம் ஒன்றை அது விழுங்கிவிட்டது. எதிர்காலத்தில் ஜெட்சன் குடும்பம் வழக்குத் தொடுத்துத் தன் செல்வத்தை எடுத்துக்கொள்ளும் என்று காட்டப்பட்ட பிறகே முதலாளி திருந்துகிறார். கல்லறையைக் கண்டு அஞ்சிய ஸ்குரூஜ் நூற்று நாற்பது ஆண்டுகளில் நீதிமன்றத்தைக் கண்டு அஞ்சுபவராக மாறியிருக்கிறார். இது சிரிப்புக்காகச் செய்ததே என்றாலும் அதில் ஓர் உண்மை தங்கிவிட்டது.

1989 டிசம்பர் 17 அன்று 'சிம்சன்ஸ்' தொடரின் முதல் முழுநீளப் பகுதியே ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியாக வந்தது. முதலாளி பர்ன்ஸ் இந்த ஆண்டு போனஸ் இல்லை என்று அறிவிக்கிறார். அதை வீட்டில் சொல்லக் கூசிய ஹோமர், கடைத்தெருவில் சாண்டா வேடம் போட்டுச் சம்பாதிக்கப் போகிறார். இங்கே ஆவிகள் இல்லை. முதலாளி திருந்தவும் இல்லை. போனஸ் கடைசிவரை வருவதில்லை. தீபாவளி போனஸ் கணக்கில் வளர்ந்த தமிழ்க் குடும்பம் எதற்கும் இக்கதையை மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை.

திரைக்கு வெளியிலும் ஒரு கூலிக் கதை நடந்துகொண்டிருந்தது. இப்படங்களை வரைந்த கைகள் யாருடையவை? 1964-ல் வந்த 'ருடால்ஃப்' பொம்மைப் படத்தின் அசைவூட்டமே டோக்கியோவில், தாதாஹிதோ மொச்சினாகாவின் கூடத்தில் செய்யப்பட்டது. 1978-ல் தைபேயில் தொடங்கப்பட்ட குக்கூஸ் நெஸ்ட் ஸ்டுடியோவுக்கு ஹன்னா-பார்பரா நிறுவனம் தன் வேலையின் பெரும்பகுதியை அனுப்பியது. சிம்சன்ஸின் தொடக்கப் படங்கள் சியோலில் வரையப்பட்டன. வேலை வெளிநாட்டுக்குப் போவதை எதிர்த்து லாஸ் ஏஞ்சல்ஸ் அசைவூட்டத் தொழிலாளர் சங்கம் 1979-லும் 1982-லும் வேலைநிறுத்தம் செய்தது. முதல் முறை வென்றது. இரண்டாம் முறை தோற்றது. பின்னர் இந்தியாவும் அந்த வரிசையில் சேர்ந்தது; சென்னையின் பெண்டாமீடியா, 1999-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய டூன்ஸ் ஆகியவை அக்காலத்தில் வெளிநாட்டு வேலைகளைக் குறிவைத்து எழுந்தவை. கிராட்சிட் குடும்பத்தை வரைந்தவர்களும் கிராட்சிட்டுகளே என்று சொன்னால் மிகையாகாது.

*

இப்பாத்திரங்கள் நம்மிடம் வந்த வழி வேறு. தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் 'டக் டேல்ஸ்' இந்தியில் வந்தது. தமிழ்ப் பிள்ளைகள் மொழி புரியாமலே பார்த்தார்கள். அதன் நாயகன் ஸ்குரூஜ் மெக்டக் என்னும் வாத்து. 1947-ல் கார்ல் பார்க்ஸ் ஒரு கிறிஸ்துமஸ் சித்திரக்கதைக்காக உருவாக்கிய பாத்திரம். பெயர் டிக்கன்ஸிடமிருந்து வந்தது. மிக்கியின் படத்தில் கருமி முதலாளியாக வந்தவரும் இவரே. ஆனால் நமக்கு முதலில் கிடைத்தவர், தங்க நாணயக் குவியலில் முங்கிக் குளிக்கும் வேடிக்கையான செல்வந்தர். கிராட்சிட் இல்லாத ஸ்குரூஜ். பொருளாதாரத் தாராளமயம் தொடங்கிய அதே ஆண்டுகளில் இது நடந்தது.

1995-ல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்க் குரலும் கிடைத்தது. 2004 டிசம்பரில் டிஸ்னி சேனல் வந்தது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டிகள் போய்ச்சேர்ந்தன. 2007 ஏப்ரலில் சன் குழுமத்தின் சுட்டி டிவி முழுக்கத் தமிழில் பேசத் தொடங்கியது. தறி வீடுகளின் முன்னறையில், தறிக்கு எட்டும் தூரத்திலேயே, கார்ட்டூன் ஓடலாயிற்று.

இதில் ஒன்று இழக்கப்பட்டது. அமெரிக்கக் குழந்தைக்குச் சிறப்பு நிகழ்ச்சி ஆண்டுக்கு ஒருமுறை வருவது. தவறவிட்டால் அடுத்த டிசம்பர்தான். அந்தக் காத்திருப்பே அதைப் பண்டிகை ஆக்கியது. நமக்கோ இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் அலைவரிசையின் நடுவே அது இன்னொரு படம். பனி பொழியும் கிறிஸ்துமஸ், அக்னி நட்சத்திர விடுமுறையிலும் திரும்ப வரும். கிறிஸ்துமஸ் இவ்வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் நிலையங்களுள் ஆரணியும் ஒன்று. அந்நியமாக இருந்தது படத்தில் வரும் கிறிஸ்துமஸ்தான். நம்முடைய சொந்தப் பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சிகளோ பட்டிமன்றமும் நட்சத்திரப் பேட்டியும் புதுப்படமுமாக அமைந்தன. அவை பெரியவர்களுக்கானவை, குழந்தைகளுக்கென்று அந்த நாளில் நாம் வரைந்து வைத்தது குறைவு.

*

இனி ஆரணிக்குள் வருவோம். காஞ்சிப் பட்டைவிட எடையும் விலையும் குறைந்த சேலைக்குப் பெயர்பெற்ற ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. நெசவாளர்களில் ஒரு பகுதியினர் கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கிறார்கள். மற்றவர்கள் பட்டும் சரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்விக்கும் முதலாளிகளிடம் இருக்கிறார்கள். தீபாவளிக்கு முந்திய மாதங்களும் தை முகூர்த்தத்துக்கு முந்திய வாரங்களும் நெருக்கடியான காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறிக்குள் நீர் ஊறும், பாவு காயாது, தெருவில் பாவு ஓட்ட வெயில் இராது. வேலை நிற்கும் நாளில் கூலியும் நிற்கும். அந்த இடைவெளியை நிரப்புவது முன்பணம். முன்பணம் வாங்கியவர் அதைத் தீர்க்கும்வரை வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. டிக்கன்ஸின் தந்தையைச் சிறையில் வைத்தது போன்ற கடன். இங்கே சிறைக்குப் பதில் தறி.

கோர்வை முறையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்படும்போது, நெசவாளரின் பக்கத்தில் இரண்டாவது ஆள் வேண்டும். காஞ்சிபுரம் தொடங்கி நீளும் இப்பட்டு வட்டாரத்தில் நெடுங்காலம் அந்த இடத்தில் உட்கார்ந்தது ஒரு குழந்தை. வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். முன்பணத்துக்கு ஈடாக அனுப்பப்பட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. 1843-ன் லண்டன் அறிக்கைக்கும் இதற்கும் நூற்று அறுபது ஆண்டு இடைவெளி. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத்தாரைக் கொண்டு நடக்கும் தொழிற்கூடத்துக்கு விலக்களித்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதை முற்றாகத் தடைசெய்தபோதும், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்றது. தறி வீட்டுக்குள்ளேயே இருப்பதால், உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்பதை வாசலுக்கு வெளியே நின்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஸ்குரூஜை இங்கே தேடிப் பிடித்துவிடலாம் என்று எண்ணுவதும் எளிமைப்படுத்தலே ஆகும். கூலிக்குக் கொடுக்கும் முதலாளியும் பட்டு நூல் விலைக்கும் சரிகை விலைக்கும் விசைத்தறியின் போட்டிக்கும் நகரத்து ஜவுளிக்கடை பாக்கி வைக்கும் பணத்துக்கும் இடையில் நெருக்குண்டவர்தான். ஒரு காலையில் அவர் மனம் மாறி எழுந்தாலும் தறிக்குழியில் ஊறும் தண்ணீர் வற்றிவிடாது. 1940-ல் வெளியான கட்டுரையில் ஜார்ஜ் ஆர்வெல் டிக்கன்ஸிடம் கண்ட குறை இதுவே: அமைப்பைப் பற்றி அவரிடம் திட்டம் இல்லை, மனிதர்கள் நல்லவர்களாக வேண்டும் என்பதே அவருடைய தீர்வு. கார்ட்டூன்கள் இந்தக் குறையை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டன. மனமாற்றம் எல்லாப் படத்திலும் இருக்கிறது. மனமாற்றத்துக்கு அப்பாலும் ஏதோ தேவைப்படுகிறது என்பதை நினைவூட்டிய இரு குழந்தைகள் மட்டும் இல்லை.

தமிழ்நாடு அவ்விருவருக்கும் ஒரு விடை சொல்லியது என்பதை இங்கே பதிவு செய்வது அவசியம். காமராசர் காலத்தில் 1956-ல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-ல் விரிவாக்கிய மதிய உணவுத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். பசித்த பிள்ளையைப் பள்ளிக்கு வரவைத்துப் பள்ளியிலேயே சோறு போடுவது. இல்லாமையையும் அறியாமையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்த ஏற்பாடு அது. 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. தறியிலிருந்து குழந்தைகள் எழுந்து போனதில் சட்டத்துக்கும் ஆய்வாளர்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பங்குண்டு. அந்தத் தட்டுக்கும் பெரும் பங்குண்டு. படித்த பிள்ளைகள் தறிக்குத் திரும்பவில்லை. தறிகளில் இளைய கைகள் இல்லை என்பதே இன்று பட்டு ஊர்களில் கேட்கும் குரல். தன் பிள்ளை தறியில் உட்காரக் கூடாது என்று உறுதியாய் இருக்கும் நெசவாளரே, தன் கைத்திறன் தன்னோடு முடிகிறதே என்று வருந்துபவராகவும் இருக்கிறார். இந்த இரட்டை மனநிலைக்கு டிக்கன்ஸின் நூலிலும் இடமில்லை. அது முற்றிலும் நம்முடைய கதை.

அந்தக் கதையைக் குழந்தைகளுக்கு வரைந்து காட்ட நமக்குக் கையும் கருவியும் இருக்கின்றன. டூன்ஸ் தயாரித்த தெனாலிராமன் தொடர் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஹைதராபாத்தின் கிரீன் கோல்ட் 2008 முதல் சோட்டா பீமைக் கொண்டு ஒரு தலைமுறையையே தன்வயப்படுத்தியது. ஆயினும் தீபாவளிக்கு முந்தைய இரவில் கடைசிச் சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுக்கும் வீட்டைப் பற்றி, அச்சேலை யார் வீட்டுக்குப் போகிறது, இவ்வீட்டுப் பெண்ணுக்கு எப்போது புதுத்துணி வருகிறது என்பதைப் பற்றி, அரை மணி நேரப் படம் ஒன்று ஆண்டுதோறும் ஒரே நாளில் தமிழில் ஒளிபரப்பாகுமானால் அது நம் பண்டிகையின் பகுதியாகிவிடும். சார்லி பிரவுன் எவ்வளவு எளிய கோடுகளால் வரையப்பட்டவன் என்பதை நினைவில் கொண்டால், பணம் பெரிய தடை என்று தோன்றவில்லை. அங்கியை விலக்கிக் காட்டலாம் என்று முடிவெடுப்பதுதான் கடினம். மகூ தொடங்கி எவரும் செய்யாத வேலை அது. பட்டு நெய்யும் ஊர்களைத் தன் நிலப்பரப்பெங்கும் வைத்திருக்கும் மொழி அதைச் செய்து பார்க்கலாம்.